அக்ரிலிக் ஓரத்துக்குத் தீப் பாலிஷ்: தண்ணீரில் ஓடும் மெஷினை வாங்குவது முதல் அணைப்பது வரை

போர்டு எழுத்து, மொமென்டோ, டிஸ்ப்ளே பெட்டி செய்யும் சின்னப் பட்டறைகளுக்கு இப்போது பரவலாக வந்திருப்பது தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன்–ஆக்சிஜன் வாயு எடுத்து, அந்தத் தீயால் வெட்டிய ஓரத்தை லேசாக உருக்கிப் பளபளப்பாக்கும் பாலிஷ் மெஷின். சிலிண்டர் வேண்டாம், பிளக்கில் மாட்டினால் போதும் என்று சொல்லி விற்பார்கள். அது உண்மைதான். ஆனால் கூடவே வரும் நாலு பக்கத் தாளில் பாதி விஷயம் இருக்காது, மீதி புரியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இது. வரிசை மாற்றாமல் படியுங்கள். வரிசை மாறுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

1. உங்கள் வேலைக்கு இது ஒத்துவருமா?

3 மி.மீ. முதல் 10 மி.மீ. வரை தடிமனுள்ள காஸ்ட் அக்ரிலிக்குக்குத் தீப் பாலிஷ் கச்சிதம். 2 மி.மீ. ஷீட் சூட்டில் வளைந்துவிடும். 12 மி.மீ. தாண்டினால் ஓரத்தின் நடுப்பகுதி பளபளக்கும் முன் விளிம்புகள் உருண்டுவிடும். அதற்கு பஃபிங் அல்லது டைமண்ட் கட்டர்தான் சரி.

லேசரில் வெட்டிய ஓரம் ஏற்கெனவே பளபளப்பாகத்தான் வரும். அதன்மேல் மறுபடி தீ காட்டினால் பளபளப்பு அதிகமாகாது, பின்னால் விரிசல் விடவைக்கும் உள் இறுக்கம்தான் அதிகமாகும். ரூட்டரிலும் (சுழலும் முனையால் வெட்டும் மெஷின்) ரம்பத்திலும் வெட்டிய ஓரத்துக்குத்தான் இந்த மெஷின்.

பாலிகார்பனேட்டை இதில் காட்டவே கூடாது. பார்வைக்கு அக்ரிலிக் போலவே இருக்கும், தீ பட்டதும் கொப்புளித்து மஞ்சளாகும். மிச்சத் துண்டுகளை ஒரே குவியலாகப் போட்டு வைத்திருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். அக்ரிலிக்கிலும் காஸ்ட் (அச்சில் வார்த்தது), எக்ஸ்ட்ரூடட் (உருக்கித் தள்ளி ஷீட்டாக்கியது) என இரண்டு உண்டு. ரம்பத்தில் விடும்போது தூள்தூளாக உதிர்ந்தால் காஸ்ட். பிசுபிசுவென்று உருகி ரம்பப் பல்லில் ஒட்டினால் எக்ஸ்ட்ரூடட். எக்ஸ்ட்ரூடடையும் பாலிஷ் செய்யலாம், ஆனால் சீக்கிரம் உருகும், பின்னால் விரிசலும் எளிதில் விடும்.

2. மெஷின் வாங்கும்போது

மணிக்கு 100 லிட்டர் வாயு தரும் மெஷின் ஒரு டார்ச்சுக்குப் போதும். லேபிளில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். 100 லிட்டர் வாயு எடுக்கக் கணக்குப்படியே 200 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். வீணாவதையும் சேர்த்தால் 350–400 வாட் ஆகும். "300 வாட்டில் 200 லிட்டர்" என்று எழுதியிருந்தால் விற்பவர் உங்களிடம் கதை விடுகிறார். இயற்பியல் அதற்கு இடம் கொடுக்காது.

பணம் கொடுக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை: மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஜி.எஸ்.டி. பில், முத்திரையிட்ட வாரன்டி அட்டை, மெஷினில் ஊற்றும் காரக் கரைசல் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் ஒரு தாள், உலர்வகை ஃபிளாஷ்பேக் அரெஸ்டர், உபரி நாசில்கள் (டார்ச்சின் துளையுள்ள முனை). அரெஸ்டர் என்பது தீ ஹோஸ் வழியே திரும்பி மெஷினுக்குள் ஓடாமல் தடுக்கும் சிறு உலோகக் குப்பி. "உள்ளேயே தண்ணீர் சீல் இருக்கு, இது எதுக்கு" என்பார்கள். தண்ணீர் சீல் என்பது வாயு கடந்து வரும் தண்ணீர் அறை, அதுவும் தீயைத் தடுக்கத்தான். இரண்டும் வேண்டும்.

தண்ணீரில் மின்சாரம் ஓடுவதற்காகக் கலக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அரிக்கும் பொருள் என்பதால் பல கூரியர்கள் ஏற்றமாட்டார்கள், அதனால் மெஷின் பெரும்பாலும் அது இல்லாமலே வரும். மெஷின் வந்த அன்றே வேலை தொடங்கலாம் என்று ஆர்டரை ஒப்புக்கொள்ளாதீர்கள். பொருள் சேகரிக்க, கரைசல் ஆற, ஓரிரு மணி நேரம் பழக என்று இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

3. இடமும் மின்சாரமும்

ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசானது. கசிந்தால் மேலே போய்க் கூரையில் தேங்கும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் பற்றும். அதனால் ஃபால்ஸ் சீலிங் போட்ட ஏசி அறையில் இந்த மெஷினை வைக்காதீர்கள். கூரையை ஒட்டி ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இருக்கும் இடம்தான் வேண்டும். ஆனால் ஃபேன் காற்று தீயின் மேல் நேராக அடிக்கக் கூடாது, தீ ஆடினால் ஓரம் அலையலையாக வரும்.

வேலை மேசையின் மேல் சிமென்ட் போர்டு அல்லது தகடு போடுங்கள். சுற்றிலும் 3 மீட்டருக்குள் தின்னர், ஸ்ப்ரே கேன், கழித்த மாஸ்கிங் பேப்பர், அக்ரிலிக் தூள் எதுவும் இருக்கக் கூடாது. அக்ரிலிக் பற்றினால் சொட்டுச் சொட்டாக எரிந்து விழும். கை எட்டும் தூரத்தில் ஏ.பி.சி. பவுடர் அணைப்பான் ஒன்று, ஒரு வாளி தண்ணீர்.

முக்கியமாக குளோரோஃபார்ம். அக்ரிலிக் ஒட்ட நம் கடைகளில் அதுதான் ஓடுகிறது. அதன் ஆவி தீயில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். ஒட்டும் மேசையும் தீ மேசையும் ஒரே அறையில் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள், பாட்டிலை மூடி வெளியே வைத்துவிட்டே டார்ச்சைத் தொடுங்கள். ஒட்டப் பயன்படும் இன்னொரு திரவமான மெத்திலீன் குளோரைடுக்கும் இதே எச்சரிக்கைதான்.

எர்த் சரியாக உள்ள பிளக், தனி எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் துண்டிக்கும் ஸ்விட்ச்). இவை இல்லாத இடத்தில் மெஷினை ஓட்டக் கூடாது. உள்ளே இருப்பது மின்சாரம் ஓடும் காரக் கரைசல் என்பது நினைவிருக்கட்டும்.

4. கரைசல் தயாரித்தல்

தேவையானது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஃபிளேக்ஸ். கடையில் கே.ஓ.எச். அல்லது காஸ்டிக் பொட்டாஷ் என்று கேளுங்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கக் கெமிக்கல் கடைகளிலும், மற்ற ஊர்களில் லிக்விட் சோப் மூலப்பொருள் விற்பவர்களிடமும் கிடைக்கும். வெறுமனே "காஸ்டிக்" என்று கேட்டால் காஸ்டிக் சோடாவைக் கட்டித் தருவார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேறு பொருள், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

தண்ணீர் டிஸ்டில்டு அல்லது டி.எம். வாட்டர் (தாது உப்பு நீக்கியது) மட்டுமே. போர் தண்ணீரிலும் கார்ப்பரேஷன் தண்ணீரிலும் உள்ள குளோரைடு மெஷினுக்குள் உள்ள மின்தகடுகளை அரிக்கும், உப்பு படியும். ஆர்.ஓ. தண்ணீரும் போதாது. பேட்டரிக் கடையில் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அங்கே டிஸ்டில்டு வாட்டரும் பேட்டரி ஆசிட்டும் ஒரேமாதிரி கேனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆசிட்டைக் காரக் கரைசலில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். சீல் உடைக்காத, லேபிள் உள்ள கேன் மட்டும் வாங்குங்கள்.

அளவு மெஷினுக்கு மெஷின் மாறும், தயாரிப்பாளர் எழுதிய அளவே கணக்கு. 25 சதவீதம் என்று எழுதியிருந்தால் அது எடைக் கணக்கு: 1 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 330 கிராம். பலர் 250 கிராம் போட்டுவிட்டு "வாயு குறைவாக வருகிறது" என்று சர்வீஸுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள்.

கலக்கும் முறை:

– கண்ணை முழுதாக மூடும் காகிள்ஸ், முழங்கை வரை ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை.
– பிளாஸ்டிக் வாளி அல்லது எவர்சில்வர் பாத்திரம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும்.
– முதலில் தண்ணீர். அதில் ஃபிளேக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். ஃபிளேக்ஸின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.
– கரைசல் கை வைக்க முடியாத அளவு சூடாகும். மூடி போட்டு இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, பிறகு மெஷினில் ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் காரம் நுரைத்து ஹோஸுக்குள் வரும்.

கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. வினிகர், எலுமிச்சை என்று எதையும் கண்ணில் விடாதீர்கள்.

வேலை செய்யச் செய்யக் குறைவது தண்ணீர் மட்டும். காரம் அப்படியே இருக்கும். எனவே அடுத்தடுத்து ஊற்றுவது வெறும் டிஸ்டில்டு வாட்டர்தான். ஒவ்வொரு முறையும் கே.ஓ.எச். சேர்த்துக்கொண்டே போனால் கரைசல் கெட்டியாகி மெஷின் சூடேறும்.

5. நிறத்துக்கான திரவம்

சுத்தமான ஹைட்ரஜன்–ஆக்சிஜன் தீ 2,800 டிகிரி செல்சியஸ் வரை போகும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. கை சுட்ட பிறகுதான் அங்கே தீ இருந்தது தெரியும். அதனால்தான் வாயு ஒரு சிறு டாங்கில் உள்ள ஆல்கஹால் வழியே வருகிறது. தீக்கு நிறம் கிடைக்கும், சூடும் தணியும்.

மெஷினுடன் வரும் தாளில் மெத்தனால் என்று இருக்கலாம். தமிழ்நாட்டில் மெத்தனாலும் டினேச்சர்டு ஸ்பிரிட்டும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் உரிமம் பெற்றே வாங்க, வைத்திருக்க வேண்டியவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர் போனது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். யாராவது கேனில் ரசீது இல்லாமல் தந்தால் வாங்கிப் பட்டறையில் வைக்காதீர்கள், வழக்கு உங்கள் மேல்தான் வரும். உங்கள் மெஷின் ஐ.பி.ஏ.வில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஓடுமா என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஓடும் என்றால் 99 சதவீத ஐ.பி.ஏ. எலெக்ட்ரானிக்ஸ், பிரிண்டிங் பொருள் கடைகளில் கிடைக்கும். தீயில் மஞ்சள் சற்றுத் தூக்கலாக இருக்கும், கரி படிகிறதா என்று துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. ஊற்றாதீர்கள், ஓரம் கறுக்கும்.

திரவம் மேல் கோட்டுக்கு மேலே போனால் துளிகள் வாயுவோடு கிளம்பி, டார்ச் முனையிலிருந்து எரியும் பொட்டாகத் தெறிக்கும். கீழ்க் கோட்டுக்கு வந்தால் தீ மெலிந்து நிறம் இழக்கும். மெஷின் ஓடும்போது டாங்க் மூடியைத் திறக்கக் கூடாது.

6. கசிவு பார்ப்பது, நாசில், பற்றவைப்பது

டார்ச்சை மூடி மெஷினை ஓட்டுங்கள். அழுத்தம் காட்டும் கேஜின் முள் தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்துக்கு வந்ததும் ஒவ்வொரு ஜாயின்டிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் மெஷினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு இறுக்குங்கள். தீக்குச்சி காட்டிக் கசிவு பார்க்கும் பழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்து.

நாசில் அளவைப் பற்றி ஒரு கணக்கு, இது தெரிந்தால் மெஷின் ஏன் "டப்" என்று வெடிக்கிறது என்பது புரியும். இந்த வாயுவில் எரியத் தேவையான ஆக்சிஜனும் சேர்ந்தே வருகிறது. தீ இதற்குள் நொடிக்குப் பத்து மீட்டரை ஒட்டிய வேகத்தில் பின்னோக்கி ஓடும். வாயு அதைவிட வேகமாக வெளியே வந்தால்தான் தீ முனையில் நிற்கும். மணிக்கு 100 லிட்டர் வாயு 0.8 மி.மீ. துளை வழியே நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் வரும், பயமில்லை. அதே வாயு 2 மி.மீ. துளையில் 9 மீட்டருக்கும் குறைவு, தீ உள்ளே போய்விடும். ஆகவே 0.7 அல்லது 0.8 மி.மீ. நாசிலில் தொடங்குங்கள். பெரிய தீ வேண்டும் என்று நாசில் ஊசியை வெட்டித் துளையைப் பெரிதாக்குவது, ஒரு டார்ச் மெஷினில் T வடிவ இணைப்பு போட்டு இரண்டு டார்ச் இழுப்பது இரண்டும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள்.

முதலில் வரும் வாயுவில் உள்ளே இருந்த காற்று கலந்திருக்கும். ஒரு நிமிடம் வெளியே விடுங்கள், ஜன்னல் பக்கமாக. பிறகு அழுத்தம் ஏறியதும் டார்ச்சைத் திறந்து, கேஸ் லைட்டரை முனையின் பக்கவாட்டில் பிடித்துப் பற்றவையுங்கள். முகம் நேராக இருக்கக் கூடாது. பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள்.

இந்த வாயுவை பலூனிலோ பாட்டிலிலோ பிடித்து வைத்து வேடிக்கை காட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு லிட்டர் பாட்டில் போதும், காது போய்விடும்.

7. ஓரத்தைத் தயார் செய்தல்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தீ பள்ளத்தை நிரப்பாது, ரம்பக் கோட்டை அழிக்காது. இருக்கும் கோட்டையே பளபளப்பாக்கிக் காட்டும். ஒரு ஓரத்துக்குப் பத்து நிமிடம் என்றால் ஒன்பதரை நிமிடம் இங்கேயும், அரை நிமிடம் தீயிலும்தான் போக வேண்டும்.

முதலில் ஸ்கிரேப்பர். ஹாக்சா பிளேடின் முதுகை நேராகத் தீட்டி வைத்துக்கொண்டால் அதுவே போதும். ஒரே திசையில் இழுத்துப் பிசிறும் ரம்பக் கோடும் போகும்வரை சுரண்டுங்கள். அடுத்து 220, 400, கடைசியில் 600 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டு. கையால் மட்டும் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும். ஒரு நம்பரிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முந்தைய தாளின் கீறல் ஒன்று மிச்சம் இருந்தாலும் தீக்குப் பின் அது தனியாகத் தெரியும்.

பாதுகாப்பு ஃபிலிமை இரு பக்கமும் ஓரத்திலிருந்து 25 மி.மீ. உரித்து மடியுங்கள். இல்லாவிட்டால் உருகி ஷீட்டோடு ஒட்டும், பேப்பர் என்றால் பற்றும். பிறகு சோப்பு கலந்த தண்ணீரில் மென்துணியை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஐ.பி.ஏ., தின்னர், அமோனியா உள்ள கண்ணாடி கிளீனர் எதுவும் வேண்டாம். கைரேகைகூட உள்ளே வெந்து பதியும், ஓரத்தைத் தொடாதீர்கள்.

ஒட்ட வேண்டிய ஓரத்துக்குத் தீ காட்டக் கூடாது. பாலிஷ் பட்ட பரப்பு லேசாக உருண்டிருப்பதால் ஜாயின்டில் குமிழி நிற்கும். அதோடு குளோரோஃபார்ம் தொட்ட மறுநிமிடம் மயிரிழை விரிசல் ஓடும். முதலில் ஒட்டுங்கள், ஒரு நாள் முழுக்க ஆவி போகக் காயவிடுங்கள், பிறகு வெளியே தெரியும் ஓரத்துக்கு மட்டும் தீ.

8. தீயை ஓட்டுவது

அதே ஷீட்டின் கழிவுத் துண்டில் முதலில் பாருங்கள். ஷீட் வேறு நிறம் என்றால் தேவையான சூடும் வேறு. சில நிறங்கள் வெளுக்கவும் செய்யும்.

துண்டை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிப் பிடியுங்கள். தீயின் உள்ளே தெரியும் பிரகாசமான கூம்பின் நுனி ஓரத்தைத் தொடக் கூடாது, 5 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். டார்ச்சைச் செல்லும் திசைக்குச் சற்றுச் சாய்த்து, கையை அல்ல, தோளிலிருந்து உடம்பை நகர்த்துங்கள். ஓரடி ஓரத்துக்கு மூன்று நான்கு நொடி. காற்றிலேயே நகரத் தொடங்கி ஓரத்துக்குள் நுழையுங்கள், நிற்காமல் வெளியே போய் முடியுங்கள். மூலையில் ஒரு நொடி தயங்கினால் மூலை உருகும்.

தீக்குப் பின்னால் ஈரம் காய்வதுபோல ஒரு பளபளப்பு ஓடிவரும். அது ஓடிவந்தால் வேகம் சரி. வராவிட்டால் மெதுவாக ஒருமுறை போவதைவிட, ஆறவிட்டு அதே வேகத்தில் மறுமுறை போங்கள். இரண்டு மூன்று முறை சாதாரணம். இரண்டு தடவைக்கு நடுவே விரலை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு அடித்தால் பொறுங்கள்.

கொப்புளம் வந்தால் வேகம் குறைவு, அல்லது ஷீட்டில் ஈரம். வெள்ளைப் புகைபோல மங்கினால் துடைப்பு சரியில்லை, அல்லது தீ மிகத் தள்ளி இருக்கிறது. ஓரம் அலை அலையாக இருந்தால் கை நின்று நின்று போகிறது. கறுத்தால் நிறத் திரவம் அதிகம். கோடுகள் தெரிந்தால் மறுபடி படி 7, தீயால் அதை ஈடுகட்ட முடியாது. ஓரத்தில் தீ பிடித்து அது தானாக எரிந்தால் டார்ச்சை விலக்கி, ஈரத் துணியால் மூடுங்கள். ஊதாதீர்கள்.

9. அணைக்கும் வரிசை

விபத்து பற்றவைக்கும்போது மட்டும் அல்ல, அணைக்கும்போதும் நடக்கும். மெஷின் ஸ்விட்சை முதலில் அணைத்தால் வாயு மெல்ல மெல்லக் குறையும். மேலே சொன்ன கணக்குப்படி வேகம் குறைந்ததும் தீ உள்ளே ஓடும்.

முதலில் டார்ச் முனையை எரியும்போதே ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குங்கள். தீ அணையும். உடனே டார்ச் வால்வை ஒரே திருப்பில் மூடுங்கள். அதன்பின் ஸ்விட்ச். அருகில் தீ ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு டார்ச்சைத் திறந்து கேஜ் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். திறந்தபடியே ஆறவிடுங்கள். மூடி வைத்தால் உள்ளே வாயு குளிர்ந்து சுருங்கி, டாங்கில் உள்ள ஆல்கஹாலைப் பின்னோக்கி இழுத்துக் காரக் கரைசலில் கலந்துவிடும். மறுநாள் கரைசல் பழுப்பாகி நுரைத்தால் காரணம் இதுதான்.

10. விரிசல் வராமல் பதப்படுத்துவது

தீ பட்ட ஓரத்தில் மேல்தோல் மட்டும் உருகி இறுகுவதால் உள்ளே இழுவிசை நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். வாரம் கழித்து வாடிக்கையாளர் வீட்டில் கிளீனர் போட்டுத் துடைத்ததும் மயிரிழைகள் தோன்றும். புதிதாக வாங்கிய ஷீட் ஒவ்வொன்றிலும் பாலிஷ் செய்த ஒரு துண்டின் ஓரத்தில் ஐ.பி.ஏ. தடவிச் சில நிமிடம் பாருங்கள். விரிசல் விட்டால் அந்த வேலையைப் பதப்படுத்தாமல் கொடுக்காதீர்கள்.

பதப்படுத்துவது என்றால் சூட்டில் வைத்து மெல்ல ஆறவிடுவது. அதற்கு ஓவனில் 80 டிகிரி செல்சியஸ். தடிமனை மி.மீ.-யில் எடுத்து மூன்றால் வகுத்தால் வரும் எண் மணி நேரம், ஆனால் குறைந்தது இரண்டு மணி. 6 மி.மீ.-க்கு இரண்டு, 12 மி.மீ.-க்கு நான்கு. பிறகு மணிக்கு 15 டிகிரிக்கு மேல் இறங்காதபடி ஆறவிட்டு, 60-க்குக் கீழே வந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். சமையல் ஓவனின் குமிழில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், தனி தெர்மாமீட்டர் வையுங்கள். 105 டிகிரியை ஒட்டி காஸ்ட் அக்ரிலிக் இளகத் தொடங்கும், எக்ஸ்ட்ரூடட் அதற்கு முன்பே. துண்டுகள் தட்டையாக, முழுதாகத் தாங்கப்பட்டுக் கிடக்கட்டும். ஃபிலிமை உரித்துவிட்டு வையுங்கள்.

ஓட்டும் செலவும் பராமரிப்பும்

400 வாட் மெஷின் நாள் முழுக்க 8 மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். 1 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,860 லிட்டர் வாயு தரும். ஆக மணிக்கு 100 லிட்டருக்கு 54 மில்லி, ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் குறைவு. விலை சொல்லும்போது இதைப் பெரிதாகக் கணக்கில் எடுக்க வேண்டாம், உழைப்பு நேரத்தைப் போடுங்கள். அடிக்கணக்கில் கூலி பேசுபவர்கள் தேய்க்கும் நேரத்தை மறந்துவிட்டு நட்டப்படுகிறார்கள்.

தினமும் காலையில் மூன்று மட்டங்கள்: கரைசல், தண்ணீர் சீல், நிறத் திரவம். வாரம் ஒருமுறை ஹோஸை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், நாசிலைப் பித்தளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். "டப்" சத்தம் ஒருமுறை கேட்டாலும் அன்றே அரெஸ்டரைக் கழற்றிப் பாருங்கள், கறுத்திருந்தால் புதிது. கரைசல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்ல வலுவிழக்கும். பழுப்பேறினாலோ, அதே மின்னோட்டத்தில் வாயு குறைந்தாலோ மாற்றுங்கள். பழைய கரைசலைச் சாக்கடையில் அப்படியே கொட்டாமல், தனிக் கேனில் லேபிள் ஒட்டி, கெமிக்கல் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். புதிதாகக் கலந்ததும் மறுபடி படி 6-இன் சோப்பு நுரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.